புகுந்த வீட்டில் ஓர் எஞ்சின்

கழற்றி எடுக்கும் நாள் வரை அந்த எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. 1970-களில் இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு நின்ற ஃபோர்டு எஸ்கார்ட் கார் ஒன்றின் 1600 சிசி எஞ்சின் அது. காரின் உடம்பு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. எஞ்சின் மட்டும் திடமாக இருந்தது. காயலான் கடைக்குப் போகுமுன் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, காது கொடுத்துக் கேட்டு, குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் இறக்கினார்கள். ஒரு வருடம் கழித்து அதே எஞ்சின், வீட்டுக் கொட்டகையில் சதுர இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டிய இரண்டு இருக்கைச் சிறு காரில் உட்கார்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் முனகுகிறது. பிடிக்கமாட்டேன் என்கிறது.

இப்படி ஒரு காரை மனதில் நிறுத்திக்கொள்வோம். இங்கிலாந்தில் இது அபூர்வக் காட்சி கிடையாது. 1957-ல் கோலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற மிக எளிய, மிக இலேசான காரை வெளியிட்டது. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரி பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் வரி இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால், காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, 'கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படியுங்கள்' என்றார்களாம். அப்படி ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் சலுகை முடிந்தது. ஆசை முடியவில்லை. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், பழைய எஸ்கார்ட் ஒன்றை உடைத்து 250 பவுண்டு செலவிலேயே செவன் மாதிரியான காரை எப்படிக் கட்டுவது என்று ஒரு புத்தகம் எழுத, வெல்டிங் மெஷின் வைத்திருந்தவர்களெல்லாம் கொட்டகைக்குள் புகுந்தார்கள். நம் கோவையிலும் அந்த வேட்கை இருந்தது. எஸ். கரிவரதன், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வந்த எஞ்சின், பந்தயப் பாதையில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உறுமியது.

இந்தக் கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எஞ்சின் பிறந்த வீடு வேறு, புகுந்த வீடு வேறு. பிறந்த வீட்டில் அதற்கு வேண்டியதை எல்லாம் யாரோ சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு சின்னக் கம்பி, ஒரு ரப்பர்க் குழாய், விளக்கு ஒன்று, ஒரு மூடி. தொழிற்சாலையின் பொறியாளர் யோசித்து வைத்த அந்தச் சின்ன உதவிகள் காருக்குச் சொந்தமானவை. எஞ்சினோடு கூடவே வருவதில்லை. ஆகவே வீட்டில் கட்டிய கார் படுத்துவிட்டால், 'எஞ்சினில் என்ன கெட்டுப்போனது?' என்று தொடங்குவதைவிட, 'பழைய வீட்டில் இந்த வேலையை யார் செய்தார்கள், இங்கே யார் செய்கிறார்கள்?' என்று கேட்பதுதான் சீக்கிரம் விடைக்குக் கொண்டுபோகும். எஞ்சினைப் பிரித்துப் போடும் அவசரத்தில் இந்தக் கேள்வியைத் தவறவிட்டு, நல்ல எஞ்சினைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

பெட்ரோல் எஞ்சினின் தேவைகள் நான்கே. காற்று, பெட்ரோல், அழுத்தம், சரியான நொடியில் பொறி. அளவுகள்தான் பிரமிக்க வைப்பவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 100 பொறிகள் விழுகின்றன. இவ்வளவு வேகமான வேலையில் எது பிசகியது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். பிளக்கையும் மாற்றி, டைமிங்கையும் நகர்த்தி, கார்புரேட்டர் திருகையும் திருப்பிவிட்டு வண்டி ஓடினால், எது சரிசெய்தது என்று தெரியாது. ஓடாவிட்டால் நிலைமை இன்னும் மோசம், ஒரு கோளாறு மூன்றாகிவிட்டிருக்கலாம்.

முனகலிலிருந்து தொடங்குவோம். செல்ஃப் மோட்டார் சோம்பலாகச் சுற்றுகிறது. பேட்டரி இறங்கிவிட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட், முழு நிறைவு. புது பேட்டரி வாங்கி வைத்தாலும் அதே முனகல். அப்போது கொட்டகையில் நிற்கும் யாரோ ஒருவர் ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டுவிட்டுக் கையை உதறுகிறார். கேபிள் சுடுகிறது.

ஆக்ஸிலரேட்டரை இயக்கும் கம்பி ஏன் சுட வேண்டும்? காரின் மின்சாரத்துக்குப் போக ஒரு வழி, திரும்பிவர ஒரு வழி வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து விரல் தடிமன் ஒயர் செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். திரும்பும் வழிதான் 'எர்த்'. செல்ஃப் மோட்டாரின் உடம்பு எஞ்சினோடு, எஞ்சின் காரின் இரும்போடு, இரும்பு பேட்டரியின் நெகட்டிவோடு. ஆனால் எஞ்சின் இரும்பின் மேல் நேராக உட்காரவில்லை. அதிர்வு தாங்க ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் மின்சாரம் பாயாது. எஸ்கார்ட்டில் எஞ்சினையும் உடலையும் இணைக்கத் தட்டையாகப் பின்னிய ஓர் எர்த் பட்டை இருந்தது. எஞ்சினை இறக்கிய அன்று அதைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டவர்கள், புதுக் காரில் பூட்ட மறந்துவிட்டார்கள். செல்ஃப் மோட்டார் கேட்கும் 100, 150 ஆம்பியர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். எஞ்சினையும் காரின் உடலையும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் என்று மிஞ்சியது ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளச் கேபிள், உலோகப் பெட்ரோல் குழாய். அவை எல்லாம் எர்த் ஒயராகிவிடுகின்றன. கேபிள் சூடேறி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை இளகி, பிறகு ஒருநாள் ஆக்ஸிலரேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். முனகலோடு தொடங்கிய விஷயம் உயிராபத்தில் போய் முடியக்கூடியது.

பட்டையைப் பூட்டிவிட்டாலும் கதை முடியாமல் போகலாம். கஷ்டப்பட்டுக் கட்டிய சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்திருப்பார்கள். பளபளவென்று கண்ணைப் பறிக்கும். அந்தப் பூச்சு மின்சாரத்துக்குத் தடுப்புச் சுவர். போல்ட்டை அதன் மேல் எவ்வளவு முறுக்கினாலும் அடியில் தொடர்பு அரைகுறைதான். அந்த இடத்தில் மட்டும் சுரண்டி வெள்ளை இரும்பைக் காட்ட மனம் வரவேண்டும்.

இங்கேதான் மீட்டர் பிடிக்கும் பலரும் ஏமாறுகிறார்கள். மீட்டரை ஓம் அளவில் வைத்து எஞ்சினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால், ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். 'எர்த் சரியாக இருக்கிறது' என்று எழுதிவிட்டு வேறு பக்கம் போய்விடுவார்கள். மீட்டர் சோதிப்பதற்காக அனுப்புவது நூல்போன்ற மின்னோட்டம். பின்னலில் ஓர் இழை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அது கடந்துவிடும். 0.02 ஓம் தடை என்பது சாதாரண மீட்டர் கண்டுகொள்ளாத அளவு. அதன் வழியே 150 ஆம்பியர் பாய்ந்தால் 3 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகிறது. செல்ஃப் மோட்டாருக்கும் பொறி உண்டாக்கும் காயிலுக்கும் மிஞ்சுவது அரைப் பட்டினி. ஆகவே சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல எர்த்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் திருடன் அந்தப் பாதையில்தான் இருக்கிறான். பிறகு மீட்டர் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் எந்த போல்ட்டில் ஒளிந்திருக்கிறான் என்பதும் தெரிந்துவிடும். வீட்டில் கட்டிய கார்க்காரர் ஒருவருக்கு ஒரே ஒரு சோதனையைத்தான் கற்றுத்தர முடியும் என்றால், நான் இதைத்தான் கற்றுத்தருவேன்.

எர்த் சரியானதும் எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை படபடவென்று பிடிக்கவும் செய்கிறது. சாவியை விட்ட மறுகணம் அணைந்துவிடுகிறது. விசித்திரமாகத் தோன்றும் இந்த அறிகுறி, உண்மையில் கோளாறின் விலாசத்தையே எழுதிக் கொடுக்கிறது. அந்தக் காலத்து எஸ்கார்ட்டில் பொறி உண்டாக்கும் காயில் 12 வோல்ட்டுக்கானது அல்ல. அதைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் வேலை செய்யும்படி வடிவமைத்தது. சாதாரண ஓட்டத்தில் அதற்கு மின்சாரம், தடை கொண்ட ஒரு தனி ஒயர் வழியாகக் குறைந்து போகும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே துவண்டு 10 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடுமே, அப்போது பொறி பலவீனமாகிவிடக் கூடாது என்று, அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் தடையைத் தாண்டி நேரான மின்சாரம் போக இன்னொரு ஒயர். மிக அழகான ஏற்பாடு. ஆனால் தடை ஒயர் பார்ப்பதற்கு மற்ற ஒயர்களைப் போலத்தான் இருக்கும். காரின் ஒயர்க் கட்டுக்குள் பின்னியிருக்கும். புது ஒயரிங் போடுகிறவர் செல்ஃப் நேரத்து ஒயரை மட்டும் இணைத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால், சாவியை விட்டதும் அணையும். மறுபுறம், தடையை மறந்து எப்போதும் முழு 12 வோல்ட் போகும்படி செய்துவிட்டால் வண்டி முதலில் அருமையாக ஓடும். அரை மணி நேரத்தில் காயில் கொதித்து நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஓடும். எதனால் என்று தெரியாமல் காயிலை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

இன்னொரு பொறி இங்கே உண்டு, சிக்கவைக்கும் பொறி. நான்கு சிலிண்டர் எஞ்சின் என்றால் பொறி விழும் வரிசை 1-3-4-2 என்பது பல மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். எஸ்கார்ட்டின் இந்தக் 'கென்ட்' எஞ்சினில் வரிசை 1-2-4-3. அதே ஃபோர்டின் 'பின்டோ' எஞ்சினில் 1-3-4-2. ஒயர் இரண்டு இடம் மாறினால் இரண்டு சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். மற்ற இரண்டும் கார்புரேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெடிக்கும். மனப்பாடத்தை நம்பாமல், முதல் சிலிண்டரை அழுத்தத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டர் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பார்த்து, அந்த எஞ்சினுக்கு உரிய வரிசையில் ஒயர்களை வைப்பது பத்து நிமிட வேலை.

இப்போது வண்டி ஓடுகிறது. தெருவுக்கும் வருகிறது. பதினைந்து நிமிடம் ஓடி, பெட்ரோல் தீர்ந்ததுபோல் இருமி நிற்கிறது. பானெட்டைத் திறந்து பார்த்து, டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. மறுபடி பதினைந்து நிமிடம். இந்த இடத்தில் கார்புரேட்டரைப் பிரிக்கும் கை அரிக்கும். அரிக்கட்டும், முதலில் வண்டி நின்ற அதே நிமிடம் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் விடை கிடைத்துவிட்டது. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். எஸ்கார்ட்டின் டேங்குக்குச் சுவாசிக்க ஒரு வழி இருந்தது. வீட்டில் அலுமினியத் தகட்டை வளைத்துச் செய்த டேங்குக்கு, அழகான ஒரு பந்தயக் கார் மூடியைத் திருகிவிட்டார்கள். உள்ளே வெற்றிடம் கூடக்கூட பம்ப்பின் இழுவை தோற்கிறது. வண்டி நின்று ஆறும் நேரத்தில் காற்று எங்கோ கசிந்து உள்ளே போக, நோய் தானே தீர்ந்ததுபோல் தெரிகிறது. இளநீரில் ஒரே துளை போட்டுக் கவிழ்த்தால் எப்படி மக்கர் செய்யுமோ அதே கதை.

அதே அறிகுறி வெயில் நாளில், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும் வந்தால் வேறொரு காரணத்தை நினைக்க வேண்டும். பெட்ரோல் ஒரே பொருள் கிடையாது, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் இலேசானவை 35, 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்ப், தூரத்துப் பின்புற டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். அந்தக் குழாய் சைலன்சர்க் குழாயின் பக்கத்தில் ஓடினால் உள்ளே ஆவிக் குமிழிகள் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் குழாய்க்கு எஸ்கார்ட்டில் தனிப் பாதை இருந்தது; புதுக் காரில் இடம் கிடைத்த இடத்தில் ஓடுகிறது. குழாயை நகர்த்தலாம். அல்லது டேங்குக்குப் பக்கத்தில் மின் பம்ப் வைத்து உறிஞ்சுவதைத் தள்ளுவதாக மாற்றலாம். மின் பம்ப் வாங்கும்போது கவனம் வேண்டும். கார்புரேட்டருக்கு 0.2 பார் அழுத்தம் போதும். இன்ஜெக்ஷன் கார்களின் பம்ப் 3 பார் அளவில் தள்ளும். அதைக் கொண்டுவந்து வைத்தால் கார்புரேட்டரின் ஊசி வால்வைத் தூக்கிவிட்டு, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் வழியும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில் தவழ்ந்து கொட்டகையின் மூலையில் தேங்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

காற்றுக் கோளாறுக்கும் பெட்ரோல் கோளாறுக்கும் உள்ள வித்தியாசத்தை வண்டியே சொல்லும். ஐட்லிங்கில் எஞ்சினின் காற்று வழி ஏறக்குறைய மூடியிருக்கிறது. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் பாதிக்கும் கீழே. சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று முண்டியடித்து உள்ளே புகும், கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறும் அல்லது தானாக வேகம் ஏறும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தினால் உள்ளும் வெளியும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். அதே ஓட்டை இருந்தும் இல்லாததுபோல. பெட்ரோல் பற்றாக்குறை இதற்கு நேர் எதிர். ஐட்லிங்குக்குத் தேவையான சொட்டு எப்படியும் வந்துவிடும், மேட்டில் இழுக்கும்போதுதான் போதாமை தெரியும். ஆகவே நிற்கும்போது நோய், ஓடும்போது சுகம் என்றால் காற்றுக் கசிவைத் தேடலாம். நம் காரில் அது எங்கே இருக்கும் என்று ஊகிப்பதும் கடினமில்லை. எஸ்கார்ட்டில் பிரேக்கை இலேசாக்கும் செர்வோ இருந்திருந்தால், அதற்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து தடித்த குழாய் ஒன்று போயிருக்கும். இலேசான புதுக் காருக்குச் செர்வோ தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். குழாய் போனது, அது மாட்டியிருந்த துவாரம் அப்படியே இருக்கிறது.

எஞ்சினையே சந்தேகிக்க வேண்டிய கட்டம் இதற்குப் பிறகுதான் வரும். பிளக்குகளை எல்லாம் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து, கம்ப்ரெஷன் கேஜ் வைத்துச் செல்ஃப் அடித்தால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் தெரியும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பது முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் இடைவெளியை அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கிறது. பழைய மெக்கானிக்குகள் கண்டுபிடித்த அந்த ஒரு ஸ்பூன் ஆயில் சோதனையை நான் எப்போதும் வியக்கிறேன்; எஞ்சினைத் திறக்காமலே உள்ளே பார்க்கும் கண் அது.

சூடு ஏறும் பிரச்சினைக்குக் கொஞ்சம் நின்று நிதானமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் இதில் அளவுமானியே பொய் சொல்லும். செவன் மாதிரிக் காருக்கு மூக்கு தாழ்வு. ரேடியேட்டர் அந்தத் தாழ்ந்த மூக்குக்குள் உட்காருகிறது. எஞ்சினின் ஹெட் அதைவிட உயரத்தில். தண்ணீர் ஊற்றும் மூடி ரேடியேட்டரின் மேல் இருந்தால், மூடிவரை நிரப்பிவிட்டு 'நிறைந்துவிட்டது' என்று நினைப்போம். தண்ணீர் தன் மட்டத்துக்குத்தான் நிற்கும். அதற்கு மேலே இருக்கும் ஹெட்டில் காற்று சிறைப்பட்டிருக்கும். அந்தக் காற்றுப் பையின் பக்கத்தில் உலோகம் கொதிக்கிறது. வெப்பத்தைக் காட்டும் சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும், காற்றில் தொங்கினால் முள் ஏறவே ஏறாது. முள் பச்சையில் நிற்க, ஹெட் கேஸ்கெட் கருகிப்போன கதைகள் இப்படித்தான் நடக்கின்றன. பெரிய ரேடியேட்டர், பெரிய ஃபேன் என்று செலவழிப்பதால் பயன் இல்லை. முழுச் சுற்றிலும் உயரமான இடத்தில் ஒரு சிறு தொட்டி வைத்து, மூடியை அதற்கு மாற்றி, ஹெட்டின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய குழாயைத் தொட்டிக்கு விட்டால் காற்று தானே மேலேறி வெளியேறும். தொட்டி வைக்கும்வரை, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி மூக்கை உயர்த்திக்கொண்டு தண்ணீர் ஊற்றுவது தற்காலிக வழி.

இதே தண்ணீர்ச் சுற்றில் இன்னொரு மறதியும் உண்டு. கூரையே இல்லாத காருக்கு ஹீட்டர் எதற்கு என்று அதன் இரண்டு குழாய்களையும் அடைத்துவிடுகிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியை மூடி வைத்திருக்கும். அப்போதும் தண்ணீர் எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்க ஹீட்டர் வழிதான் சந்தாக இருந்தது. அதை அடைத்தால் தண்ணீர் அசையாமல் நிற்கும். ஒரு மூலை கொதிக்க, தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்துக்குச் சேதியே போகாது. திடீரென்று திறக்கும், திடீரென்று மூடும், முள் ஊஞ்சலாடும். ஹீட்டர் வேண்டாம் என்றால் அதன் இரண்டு குழாய் முனைகளையும் ஒரே குழாயால் சேர்த்துவிட்டாலே போதும். தெர்மோஸ்டாட்டையே பிடுங்கி எறிவதை மட்டும் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு போகும், தேய்மானம் கூடும்.

சின்ன விளக்கு ஒன்றின் கதையும் இருக்கிறது. டேஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு. அது எச்சரிக்கைக்கு மட்டும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அந்தக் கால ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கத் தொடங்க முதலில் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், உள்ளே சுற்றும் சுருளைக் காந்தமாக்குவதற்கு. அந்த முதல் ஊட்டம் போவது இந்த விளக்கின் இழை வழியாக. 2.2 வாட் பல்ப் என்றால் 0.2 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. தூண்டிவிட அது போதும். புதுக் காரில் விளக்கே வைக்காவிட்டாலும், அதற்குப் பதில் அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் எடுக்கும் எல்இடி வைத்தாலும், ஆல்டர்னேட்டர் விழிக்காமல் சும்மா சுற்றும். பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, மூன்றாம் நாள் எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும். பிளக்கைக் குறை சொல்வோம். ஓடும் வண்டியில் பேட்டரியில் 14 வோல்ட் அளவில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடைசியாக ஆயில். இதில் ஏற்படும் பிழைக்கு மட்டும் எஞ்சின் இரண்டாம் வாய்ப்புத் தருவதில்லை. தாழ்வான காரில் தரையில் இடிக்கிறதே என்று, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை வெட்டிச் சிறிதாக்குவார்கள், ஆயிலின் அளவு குறைந்துவிடும். திருப்பத்தில் கார் வளையும்போது உள்ளே ஆயில் ஓரத்துக்கு ஓடும். பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமானால் ஆயிலின் மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். ஆயில் பம்ப்பின் உறிஞ்சும் வாய் காற்றைக் குடிக்கும். பேரிங்கையும் கிராங்கையும் பிரித்து வைத்திருப்பது ஆயிலின் மிக மெல்லிய படலம். அது அறுந்த சில நொடிகளில் உலோகம் உலோகத்தைக் கடிக்கும்.

மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் காரில் வைக்கும்போது இது இன்னும் தீவிரமாகிறது. இங்கிலாந்தில் பலர் அப்படிக் கட்டுகிறார்கள். இந்தியாவில் பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஃபார்முலா பாரத் போட்டிக்காக 710 சிசிக்கு உட்பட்ட எஞ்சின்களைக் கொண்டு ஒற்றை இருக்கைக் கார்களைக் கட்டுகிறார்கள். கேடிஎம் 390 எஞ்சின் அதற்கு விருப்பமான ஒன்று. விதிப்படி எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகப் போக வேண்டும் என்பதால், அவர்களின் கவலை எல்லாம் காற்றைச் சுற்றியே இருக்கும். சம்ப்பில் நடப்பது கண்ணில் படுவதில்லை. மோட்டார் சைக்கிள் திருப்பத்தில் தானே சாய்கிறது. சாய்வதால் வண்டியின் உயரவாட்டிலேயே மொத்த விசையும் இறங்குகிறது. ஓட்டுபவர் ஒருபக்கம் சரியாமல் உட்கார்ந்திருப்பதுபோல, ஆயிலும் சம்ப்பின் அடியிலேயே இருக்கிறது. அந்த எஞ்சினை வடிவமைத்தவர் பக்கவாட்டில் ஓடும் ஆயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவையே வரவில்லை. கார் சாய்வதில்லை. பிறந்த வீட்டில் சாய்ந்து சாய்ந்து தன்னைக் காத்துக்கொண்ட எஞ்சின், புகுந்த வீட்டில் நிமிர்ந்தபடியே திருப்பத்தை வாங்கிக்கொள்கிறது. சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகளும், ஒருபக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகளும் வைத்து ஆயிலை உறிஞ்சும் வாயருகே சிறைப்பிடிப்பது அதற்கான வைத்தியம்.

கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இந்த மாணவர்களின் கார்கள் ஓடியிருக்கின்றன. அவர்களின் சோதனைகளில் ஒன்று, எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் அமைந்த இரண்டு சிறு வட்டங்கள். முதலில் வலப்புறமாக இரண்டு சுற்று, பிறகு இடப்புறமாக இரண்டு சுற்று. திருப்பம் விடாமல் நீள்வதால் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி அங்கேயே நிற்கும். ஆயில் அழுத்தத்தை நொடிக்கு நொடி பதிவுசெய்து, ஓடி முடித்ததும் அந்தக் கோட்டைத் தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வலது வட்டத்தில் கோடு பள்ளத்தில் விழுந்து, இடது வட்டத்துக்கு மாறியதும் நிமிர்ந்தால், வலப்புறம் திரும்பும்போது ஆயில் இடது ஓரத்துக்குப் போயிருக்கிறது, உறிஞ்சும் வாய் வலது ஓரத்தில் வறண்டு நின்றிருக்கிறது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் தடுப்புத் தகட்டை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அன்றைக்கே வரைந்துவிடலாம்.